பள்ளியில் செல்பேசிக்குத் தடை ஏன்?



பல்லாவரம், குன்றத்தூர் பக்கத்தில் வசிப்பவர்களுக்குத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையைத் தெரிந்திருக்கும். உங்களில் சிலருடைய அப்பாவோ, அண்ணனோ, அத்தையோ அங்கே வேலை செய்யக்கூடும். தகட்டை வெட்டும் அழுத்து இயந்திரம் (பிரஸ்), இரும்புத் தண்டைச் சீவும் கடைசல் இயந்திரம் (லேத்) போன்றவை ஓடும் சிறு தொழிற்கூடங்களில் ஒரு பொதுவான விதி உண்டு. இயந்திரத்தின் முன் நிற்பவர் செல்பேசியைக் கையில் எடுக்கக் கூடாது என்பதே அது. ஏன் என்று எவரும் கேட்பதில்லை. கவனம் ஒரு நொடி சிதறினால் விரல் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏறத்தாழ இதே விதி உங்கள் பள்ளியிலும் இருக்கிறது. ஆனால் அங்கே மட்டும் "ஏன்?" என்ற கேள்வி எழுகிறது. வகுப்பறையில் கவனம் சிதறினால் விரல் போவதில்லை; இரத்தம் வருவதில்லை. ஆகவே ஏதோ ஒன்று இழக்கப்பட்டது என்பதே நமக்குத் தெரிவதில்லை. அப்படி இழக்கப்படுவது என்ன? விதி போடுவதால் அது உண்மையிலேயே காப்பாற்றப்படுகிறதா? இவற்றிற்கு அறிவியல் என்ன விடை கூறுகிறது என்று பார்ப்போம்.

விதிகள் வந்த வரலாறு

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. அன்று அது செல்வந்தர்களின் கருவி. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது மாணவர்களின் புத்தகப் பைக்குள்ளும் புகுந்துவிட்டது. 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) தன் பள்ளிகளில் செல்பேசிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும்படி சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு மே மாதம், அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த அன்பில் மகேஸ் பொய்யாமொழி, மாணவர்கள் பள்ளிக்குச் செல்பேசி கொண்டுவரக் கூடாது என்றும், கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும் என்றும் அறிவித்தார்.

பிற நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. பிரான்ஸ் 2018-ஆம் ஆண்டு தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் செல்பேசியைச் சட்டத்தின் மூலம் தடுத்தது. தென்கொரியா 2025 ஆகஸ்டில் வகுப்பறைச் செல்பேசிப் பயன்பாட்டைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. யுனெஸ்கோ நிறுவனம் 2023-இல் கணக்கெடுத்தபோது, உலகில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான நாடுகளிலேயே இத்தகைய தடை இருந்தது. 2024-ஆம் ஆண்டின் முடிவில் அது ஏறத்தாழ 40 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. இத்தனை நாடுகள் ஒரே திசையில் நடப்பதற்குக் காரணம் யாது? அதை அறிய நம் மூளைக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

மனத்தில் ஒரு சிலேட்டு

47-ஐ 6-ஆல் மனக்கணக்காகப் பெருக்குங்கள். முதலில் 40-ஐ 6-ஆல் பெருக்குவீர்கள், 240. அதை மனத்தில் வைத்துக்கொண்டு 7-ஐ 6-ஆல் பெருக்குவீர்கள், 42. இரண்டையும் கூட்டினால் 282. அந்த 240 சில விநாடிகள் எங்கோ தங்கியிருந்தது அல்லவா? அந்த இடத்தை உளவியலார் செயல்படு நினைவு என்று அழைக்கின்றனர். அதை நம் மனத்தில் உள்ள ஒரு சிறு சிலேட்டு என்று கொள்ளலாம். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

இந்தச் சிலேட்டு மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 1956-இல் அதில் ஏறத்தாழ ஏழு பொருள்கள் தங்கும் என்று மதிப்பிட்டார். நெல்சன் கோவன் என்பவர் 2001-இல் அதை மறு ஆய்வு செய்து, உண்மையில் நான்கு பொருள்கள்தாம் தங்கும் என்றார். 240-ஐ வைத்திருக்கும் வேளையில் ஒருவர் உங்களிடம் "உன் பேனா எங்கே?" என்று கேட்டால் போதும், அந்த எண் அழிந்துவிடும். கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வகுப்பில் ஆசிரியர் ஒரு தேற்றத்தை நிறுவும்போதும் இதுவே நடக்கிறது. முதற்படி சிலேட்டில் இருந்தால்தான் இரண்டாம் படி விளங்கும். இரண்டாம் படி இருந்தால்தான் மூன்றாவது விளங்கும். இடையில் ஒரு படி அழிந்துவிட்டால், மீதி யாவும் வெறும் எழுத்துகளாகவே கண்ணுக்குத் தெரியும்.

"அது என்ன?" என்னும் அனிச்சைச் செயல்

திடீரென்று ஓர் ஓசை எழுந்தால் நாம் திரும்பிப் பார்க்கிறோம். நினைத்துச் செய்வதன்று இது, தானாக நிகழ்கிறது. நாய்களை வைத்துச் சோதனைகள் செய்த இரஷ்ய அறிஞர் பாவ்லோவ் இதற்கு "அது என்ன?" அனிச்சைச் செயல் என்றே பெயரிட்டார். காட்டில் வாழ்ந்த நம் முன்னோருக்கு இது உயிர் காக்கும் பண்பாக இருந்தது. சருகு சலசலத்ததும் திரும்பாதவன் புலிக்கு இரையாகியிருப்பான்.

ஆனால் எல்லா ஓசைக்கும் நாம் காலமெல்லாம் திரும்பிக் கொண்டிருப்பதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் அருகில், பல்லாவரத்திலோ பம்மலிலோ வசிக்கும் உங்களைக் கேட்கிறேன். விமானம் தலைக்கு மேலே செல்லும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறீர்களா? இல்லை. புதிதாக வந்த விருந்தாளிதான் பார்ப்பார். ஓர் ஓசை திரும்பத் திரும்பக் கேட்டு, அதனால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும் மூளை அதை ஒதுக்கிவிடுகிறது.

அப்படியானால் செல்பேசியின் "டிங்" ஒலிக்கு மட்டும் ஏன் நாம் பழகிப்போவதில்லை? காரணம், அது நமக்காகவே வருகிறது. நெரிசலான திருமணப் பந்தலில் நூறு பேர் பேசிக்கொண்டிருந்தாலும், உங்கள் பெயரை யாராவது சொன்னால் காதில் விழுந்துவிடுகிறது அல்லவா? செல்பேசியின் ஒலியும் நம் பெயரைச் சொல்லி அழைப்பது போன்றதே.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஓர் உண்மையைக் கண்டறிந்தார். விசையைத் தட்டும்போதெல்லாம் தீனி கிடைத்துவந்து, பிறகு அது நின்றுபோனால், பிராணி விரைவில் தட்டுவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி, சில முறை மட்டுமே தீனி கிடைத்துவந்திருந்தால், தீனி நின்ற பின்னும் அது நெடுநேரம் தட்டிக்கொண்டே இருக்கும். செல்பேசியில் வரும் செய்திகளும் அத்தகையவையே. பத்தில் ஒன்பது பயனற்றவை. ஆனால் அந்தப் பத்தாவது எப்போது வரும் என்று தெரியாது. அதனால்தான் கை தானாகவே அதன் பக்கம் போகிறது. உங்கள் மனவலிமை குறைவு என்று இதற்குப் பொருளன்று. பெரியவர்களுக்கும் இதே கதிதான்!

நீங்களே செய்து பார்க்கலாம்

"நான் பாடத்தையும் கவனிப்பேன், செல்பேசியையும் பார்ப்பேன், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய என்னால் முடியும்" என்று சிலர் கூறுவதுண்டு. இதைச் சோதிக்க ஒரு தாளும் பேனாவும் கடிகாரமும் போதும்.

முதலில், ஒரு வரியில் க், ங், ச், ஞ் என்று தொடங்கி ன் வரை பதினெட்டு மெய்யெழுத்துகளையும் எழுதுங்கள். அது முடிந்ததும் கீழ் வரியில் 1 முதல் 18 வரை எண்களை எழுதுங்கள். இரண்டையும் எழுதி முடிக்க எத்தனை விநாடிகள் ஆயின என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை, மேல் வரியில் க், கீழ் வரியில் 18. மேலே ங், கீழே 17. மேலே ச், கீழே 16 என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். எழுத்துகள் முன்னோக்கியும் எண்கள் பின்னோக்கியும் செல்ல வேண்டும். மீண்டும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு, மாற்றி மாற்றி எழுதாமல், முதலில் எழுத்துகள் முழுவதும், அடுத்து எண்களைப் பின்னோக்கி முழுவதும் எழுதி, மூன்றாவது நேரத்தையும் குறியுங்கள்.

இரண்டாவது முறையையும் மூன்றாவது முறையையும் ஒப்பிடுங்கள். எழுதியது இரண்டிலும் ஒன்றே. ஆயினும் மாற்றி மாற்றி எழுதியபோது கூடுதல் நேரம் பிடித்திருக்கும், பிழைகளும் வந்திருக்கலாம். இந்தக் கூடுதல் நேரமே மூளை ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்குச் செலுத்தும் கட்டணம். நாம் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதாக எண்ணுகிறோம். உண்மையில் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறோம். உங்கள் வகுப்பில் பத்து நண்பர்களிடம் இச்சோதனையைச் செய்து, சராசரி எடுத்துப் பாருங்கள்.

எடுக்காவிட்டாலும் சிதறுமா?

"நான் பையிலேயே வைத்திருக்கிறேன், எடுக்க மாட்டேன். பிறகென்ன?" என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கவனம் தேவைப்படும் ஒரு வேலையில் ஈடுபட்டிருந்த மாணவர்களின் செல்பேசிக்கு அழைப்பும் செய்தியும் அனுப்பப்பட்டன. அவர்கள் அதை எடுத்துப் பார்க்கவேயில்லை. எனினும் ஒலியோ அதிர்வோ வந்ததும் அவர்கள் செய்த பிழைகள் அதிகரித்தன. "யாராக இருக்கும்?" என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் 2017-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒலி அடக்கப்பட்ட செல்பேசியைச் சிலர் மேசைமீது கவிழ்த்து வைத்தனர். சிலர் பையிலோ சட்டைப் பையிலோ வைத்தனர். சிலர் வேறு அறையில் விட்டுவிட்டு வந்தனர். செயல்படு நினைவைச் சோதிக்கும் தேர்வில், மேசைமீது வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டவர்கள் நன்றாகச் செய்தனர். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பிறகு பிறர் செய்த இதே போன்ற சோதனைகள் அனைத்திலும் இந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே ஒலி கவனத்தைச் சிதைக்கிறது என்று உறுதியாகக் கூறலாம். அருகில் இருப்பதே சிதைக்கிறது என்பது இன்னும் ஆராயப்பட வேண்டிய கருத்து.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. 2022-ஆம் ஆண்டு பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களிடையே பீசா என்ற பன்னாட்டுத் தேர்வு நடத்தப்பட்டது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பில் உள்ள நாடுகளின் மாணவர்களில் சராசரியாக 65 விழுக்காட்டினர், சில கணித வகுப்புகளிலாவது மின்னணுக் கருவிகளால் தம் கவனம் சிதறியதாகக் கூறினர். 59 விழுக்காட்டினர், பிறர் பயன்படுத்திய கருவியால் தம் கவனம் சிதறியது என்றனர். பேருந்தில் ஒருவர் பிடிக்கும் பீடியின் புகை பக்கத்து இருக்கைக்காரரையும் தாக்குகிறது அல்லவா? அதுபோல்தான் இதுவும். "என் செல்பேசி, என் விருப்பம்" என்று சொல்ல முடியாமற் போவது இதனால்தான். விதி எல்லோருக்கும் பொதுவாக இருப்பதன் காரணமும் இதுவே.

தடையால் பலன் உண்டா?

இங்கிலாந்தில் இலண்டன், பர்மிங்ஹாம், மான்செஸ்டர், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களின் 91 பள்ளிகளை லூயி-பிலிப் பேலண்ட், ரிச்சர்ட் மர்ஃபி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2015-இல் அறிக்கை வெளியிட்டனர். தடைக்கு முன்னும் பின்னும் மாணவர் பெற்ற மதிப்பெண்களை அவர்கள் ஒப்பிட்டனர். தடைக்குப் பின் மதிப்பெண் சற்று உயர்ந்தது. யாருக்கு உயர்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முன்னணி மாணவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. பின்தங்கிய மாணவர்களுக்கே பெரும் பலன் கிடைத்தது.

இதன் பொருள் என்ன? நன்றாகப் படிக்கும் மாணவி ஒரு படியைத் தவறவிட்டாலும் பிறகு பிடித்துக்கொள்வாள். வீட்டில் சொல்லித்தர ஆளும் இருக்கலாம். ஆனால் பகல் முழுதும் பட்டறையில் உழைத்து வரும் தாய் தந்தையரின் பிள்ளைக்கு, குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைப் பள்ளிக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு, வகுப்பறையின் நாற்பது நிமிடங்களே முழு முதல். அதை இழந்தால் ஈடுகட்ட வேறு வழி அவனுக்கு எளிதில் கிடைக்காது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்ப்பதே அறிவியல். சுவீடன் நாட்டில் இதே முறையில் செய்யப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், தடையால் மதிப்பெண் உயரவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 30 பள்ளிகளின் 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட முடிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. செல்பேசியைத் தடுத்த பள்ளிகளின் மாணவர்களுக்கும் அனுமதித்த பள்ளிகளின் மாணவர்களுக்கும் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏன்? பள்ளியில் தடுத்தாலும், ஒரு நாள் முழுவதும் அவர்கள் செல்பேசியில் செலவிட்ட மொத்த நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. அந்த மொத்த நேரம் கூடியவர்களுக்கே தூக்கம், மனநிலை, வகுப்பில் நடத்தை முதலியவை மோசமாக இருந்தன.

விதியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

செல்பேசி தீயது என்று நான் கூறவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதே செல்பேசிதான் உங்களுக்கு வகுப்பறையாக இருந்தது. அது இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினர் என்பதையும் நாம் கண்டோம். நாட்டுப்புற இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட 'அசர்' கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயதுள்ளோரில் 82 விழுக்காட்டினருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும். அதற்கு முந்திய வாரத்தில் அதைச் சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. படிப்பு தொடர்பாகப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. கருவி ஒன்றே; பயன்தான் வேறு.

மேலும், தொலைவிலிருந்து பேருந்து மாறி வரும் மாணவிக்குச் செல்பேசி ஒரு பாதுகாப்பு. வீடு திரும்ப இருட்டிவிடும் நாளில் அம்மாவிடம் ஒரு சொல் கூற அது வேண்டும். சில வீடுகளில் இருப்பதே ஒரு செல்பேசிதான். அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் தண்டிக்கப்படுவது மாணவன் மட்டுமன்று. அதை நம்பி வேலைக்குச் செல்லும் தந்தையும்தான்.

இச்சிக்கலைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. முழுத் தடை விரும்பத்தக்கதன்று என்று கூறிய நீதிமன்றம், சில வழிமுறைகளை வகுத்தது. வசதியுள்ள பள்ளிகள் காலையில் செல்பேசியைப் பெற்றுப் பத்திரமாக வைத்து, மாலையில் திருப்பித் தரலாம். வகுப்பறையிலும் பள்ளியின் பொது இடங்களிலும் பள்ளி வாகனத்திலும் பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்புக்காகத் தொடர்பு கொள்வதை அனுமதிக்கலாம். விதியை வகுக்கும்போது பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்து ஆலோசிக்க வேண்டும். தில்லிப் பள்ளி பற்றிய வழக்கே ஆயினும், கவனத்தையும் காத்து அவசரத் தேவையையும் மறவாத விதி எப்படி இருக்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

உங்கள் பள்ளியிலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். அவசரம் என்றால் பள்ளி அலுவலகத் தொலைபேசியிலிருந்து வீட்டிற்குப் பேசலாமா? வீட்டிலிருந்து அழைத்தால் செய்தி உங்களுக்கு வந்து சேருமா? எடுத்து வைத்த செல்பேசி யாரிடம், எப்போது திருப்பித் தரப்படும்? இக்கேள்விகளுக்கு விடை உள்ள விதியை மாணவர்கள் மதிப்பார்கள். அதை மறைவாக மீறும் ஆசையும் குறையும்.

வாயிலுக்கு வெளியே

பள்ளியின் விதி வாயிலோடு முடிந்துவிடுகிறது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு விதி வகுப்பவர் நீங்கள்தாம். பர்மிங்ஹாம் ஆய்வு நமக்குக் காட்டுவதும் அதுவே.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். படிக்கும் வேளையில் செல்பேசியை ஒலி அடக்கி வேறு அறையில், அல்லது ஒரே அறையுள்ள வீடாக இருந்தால் அம்மாவிடம், வைத்துவிடுங்கள். ஒரு பாடத்தை முடிக்க எத்தனை நிமிடங்கள் ஆயின என்று நாள்தோறும் குறியுங்கள். அடுத்த வாரம் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து, அதையும் குறியுங்கள். இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு முடிவு எடுங்கள். என் சொல்லையோ ஆசிரியர் சொல்லையோ நம்ப வேண்டியதில்லை; உங்கள் கணக்கை நம்பலாம்.

தொழிற்கூடத்தில் சில அழுத்து இயந்திரங்களுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. இரு கைகளாலும் ஒரே சமயத்தில் இரண்டையும் அழுத்தினால்தான் இயந்திரம் இறங்கும். கை உள்ளே சிக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. அது தொழிலாளியின் கையைக் காக்கும். ஆனால் பொருளைச் செய்வது அந்தக் கைதான். பள்ளியின் செல்பேசி விதியும் இத்தகையதே. அது உங்கள் கவனத்தைக் காத்துத் தரும். அந்தக் கவனத்தைக் கொண்டு கற்க வேண்டியவர் நீங்களே.